எட்டு எழுத்துக்குள்

நாள் 212 / 07:40
டைட்டன், வடமுனை நிலையம். வெளிவெப்பம் −179. காற்று மந்தம். கருவிகள் சரி.
நிலையத்தில் நான் மட்டும். என் கணவர் இளம்பரிதி, பொறியாளர் ரெஹானா, மருத்துவர் ஜெனிட்டா மூவரும் வண்டியில் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள்.
சமஸ்கிருத மகாகாவிய வகுப்புகளின் ஒலிப்பதிவு: நான் பதினொன்றாவதில். அவர்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். காலையில் ரேடியோவில் இளம்பரிதி: "நீ முதல் சர்க்கத்துலயே குந்திக்கிட்டு இரு. நாங்க காவியத்தையே முடிச்சுட்டு வர்றோம்."

நாள் 213 / 16:05
வண்டி பனிப்பிளவில் விழுந்துவிட்டது. ரேடியோ இல்லை. அபாயக் கருவி மட்டும் இயங்குகிறது. நாளுக்கு எட்டு ஆங்கில எழுத்து அனுப்பும். நாம் அனுப்பும் எதையும் வாங்காது.

நாள் 214 / 16:05
வந்தது: "ஜீவாவஹ".
சமஸ்கிருதம். ஒரே சொல்லில் முழு வாக்கியம். நன்றாக யோசித்திருக்கிறார்கள்.
'உயிரோடு இருக்கிறோம்' என்று மொழிபெயர்த்துத் தென் நிலையத்துக்கு அனுப்பினேன். அழுதேன். பிறகு சாப்பிட்டேன்.
அங்கிருந்து மீட்பு ஓட்டுநர் மோசஸ்: "அக்கா, மூணு பேருக்கும் ஆக்ஸிஜன் ஏத்தியாச்சு. நாலு நாள்ல வந்துருவேன். அண்ணனுக்கு வண்டி ஓட்ட வராதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

நாள் 215 / 10:20
அடுத்த சொல் வருவதற்குள் வகுப்புகளை ஓட்டமாகக் கேட்கிறேன். வகுப்பு 19. பேராசிரியை வாகீஸ்வரியின் குரல்:
"தமிழ்ப் பிள்ளைங்க வழுக்கி விழுற இடம் இதுதான். நமக்கு ஒருமை, பன்மை, அவ்வளவுதான். இங்க நடுவுல இருமைன்னு ஒண்ணு நிக்குது. ஜீவாமஹன்னா நாங்க பல பேரு வாழறோம். ஜீவாவஹன்னா ரெண்டே பேரு. ஏம்ப்பா கடைசி பெஞ்சு, சிரிக்காத. பரீட்சையில நீதான் முதல்ல விழுவ."
வகுப்பு சிரிக்கிறது.
மூன்று முறை கேட்டேன்.

10:50
இரண்டு பேர்.
ம-வுக்கு வ விழுந்திருக்கலாம். இளம்பரிதி எப்போதும் தப்பாகத்தான் தட்டச்சு செய்வார்.

11:30
இல்லாதது ரெஹானாவாக இருக்கட்டும். அல்லது ஜெனிட்டாவாக. இதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கப்போவதில்லை.

16:05
வந்தது: "ச்ராந்தே".
அகராதி: ச்ராந்த, களைத்த. இறுதியில் ஏன் ஏ?
களைப்பு என்றால் உயிர் இருக்கிறது.

நாள் 216 / 06:15
அந்தச் சொல்லைப் பதிவுகளில் தேடினேன். வகுப்பு 23. மலையேறிக் களைத்த அரசனையும் அரசியையும் பற்றிய செய்யுள்.
"ச்ராந்தௌ. ரெண்டு பேரும் களைச்சுட்டாங்க. ஒருத்தர் ஆம்பளையா இருந்தாலே ஔதான். பாவம் அரசி, அந்த ஔக்குள்ள காணாமலே போயிட்டா. ரெண்டும் பொண்ணுங்கன்னா மட்டும் ஏ வரும். ச்ராந்தே."

06:17
யாரோ ஒரு மாணவன் கேட்கிறான்: "ஆம்பளை இருந்தும் ஏ போட்டா, மேடம்?"
"போட மாட்டாங்க."

09:00
மோசஸ்: "அக்கா, ரெண்டாவது சேதி என்ன? பூமிக்குத் தமிழ்ல அனுப்பணுமாம்."
'களைத்திருக்கிறோம்' என்று அனுப்பினேன்.
மொழிபெயர்ப்பில் பிழையில்லை. எத்தனை பேர் என்று அதில் கிடையாது. ஆணா பெண்ணா என்றும் கிடையாது. தமிழில் அதற்குள் அவருக்கும் இடம்

09:04
மோசஸ்: "சரிக்கா. மூணு பேரையும் கூட்டிட்டு வந்துர்றேன்."
சரி என்று அனுப்பினேன்.