பிரேக் என்றால் லீவு என்று நினைத்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம், மனசு எப்படி என்பது இதைப் படித்தால் உனக்கே தெரியும். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. காரணம் நான்தான் என்று தெரிந்துவிட்டதால், திரும்பத் திரும்ப அடித்து உன்னைத் தொந்தரவு செய்யாமல் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ "நாங்க ரெண்டு பேரும் ஒரு பிரேக் எடுத்திருக்கோம்மா" என்றாய். நான் என்ன சொன்னேன், "நல்லா எடுங்க, மாடு மாதிரி உழைக்கிறீங்க, கடல் இருக்கிற ஊரா பார்த்துப் போங்க" என்றேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். உன் அண்ணன் ஆபீசில் டீ குடிக்கப் போவதையும் பிரேக் என்கிறான், டிவியில் விளம்பரம் வந்தாலும் பிரேக் என்கிறார்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதோடு விட்டேனா, மறுநாளே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு "பிள்ளைங்க பிரேக் எடுத்திருக்காங்களாமே சம்பந்தி, உங்ககிட்ட சொன்னாங்களா" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்துகிறேன், "எந்த நெஞ்சோட இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர் அல்லவா, அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்புறம்தான் நீ இங்கே விட்டுவிட்டுப் போன பெரிய இங்கிலீஷ் அகராதியை எடுத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம். உடைவது, முறிவது, வாக்குத் தவறுவது, குதிரையைப் பழக்குவது, பொழுது விடிவதுகூட அதில்தான் வருகிறது. எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், புருஷன் பெண்டாட்டிக்குப் பொருந்துகிற மாதிரி நல்லதாக ஒன்று கிடைக்காதா என்று. வண்டி பிரேக்குக்கு இங்கிலீஷில் வேறு எழுத்தாம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு புக்கு, முப்பது வருஷமா பஸ்ஸுல மிதிக்கிறேன், எனக்குத் தெரியாத பிரேக்கா" என்று முதலில் கிண்டல் செய்தார். விஷயத்தைச் சொன்னதும், "நிக்கிறது வேற, எறங்கிப் போறது வேற, அவ எதைச் சொன்னான்னு அவளைத்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

நீ போன் செய்கிற நாளையும் என்ன பேசினாய் என்பதையும் குறித்து வைக்கிறவள் நான், புரட்டிப் பார்த்தேன். கடைசி ஒன்பது தடவையில் ஒரு தடவைகூட மாப்பிள்ளை குரல் இல்லை. குளிக்கிறார் என்றாய், கடைக்குப் போயிருக்கிறார் என்றாய், நான்கு தடவை தூங்குகிறார் என்றாய். உங்கள் ஊரில் மதியம் இரண்டு மணிக்கு எந்த மனுஷன் தூங்குவான், அது எனக்கு உறைக்கவே இல்லை பாப்பா, எழுதி வைத்து என்ன பிரயோஜனம்.

வியாழக்கிழமை சம்பந்தி நேரில் வந்தார். சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, மாப்பிள்ளை தனியாக அறை எடுத்துப் போய்விட்டதையும், நீதான் எல்லோரிடமும் சொல்லிப் பரப்பினாய் என்று கோபமாக இருப்பதையும் சொன்னார். அது உன் மேல் வரக்கூடாத பழி, நான்தான் உளறினேன் என்று மாப்பிள்ளைக்கும் தனியாக எழுதப் போகிறேன். போகும்போது சம்பந்தி, "பிரேக்குன்னுதான் சொல்லியிருக்காங்க, பிரேக்கப்புன்னு சொல்லலையே" என்றார். அந்தக் கடைசி 'அப்' வராததைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழவிகள் உட்கார்ந்திருக்கிறோம். நம்பித்தான் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா தெரியவில்லை. உன் அப்பாவின் கூடப்பிறந்த அத்தையிடம் வேறு நீங்கள் டூர் போவதாகச் சொல்லித் தொலைத்தேன், போட்டோ எங்கே போட்டோ எங்கே என்று துளைத்தெடுக்கிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், ஊர் வாய்க்காக நீ ஒரு முடிவும் எடுக்காதே.

யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை உன் மேல் கை ஓங்கியிருந்தால் மட்டும் ஒளிக்காமல் சொல், மறுபேச்சில்லாமல் கிளம்பி வா. அப்படி இல்லை, பேசிப் பேசி அலுத்துத்தான் தள்ளி இருக்கிறீர்கள் என்றால் இருங்கள், அவசரமில்லை. கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பிரார்த்தனையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே மூச்சில்தான் சொல்லி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைச் சொன்னதும் நாக்கு நின்றுவிட்டது. கொஞ்சநேரம் கழித்து அவர் பெயரையும் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று நீ எழுது. வேண்டாம் என்று நீ சொல்கிறவரை சேர்த்தேதான் சொல்வேன்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா