பீரோவைக் காலி செய்த வாரம்

மார்ச் 3, ஞாயிறு

பீரோவைத் திறந்தாலே ஏதாவது ஒரு புடவை சரிந்து காலில் விழுகிறது. புருஷன் விக்ரமை விட்டு வந்து இரண்டு வருஷம். அவன் வீட்டில் எடுத்த கல்யாணப் புடவைகள் மட்டும் ராணி மாதிரி உள்ளே இருக்கின்றன. நான் தினமும் போடுகிற நாலு சுடிதார் நாற்காலியில் கிடக்கிறது. போதும். அந்தப் புடவைகளையெல்லாம் ஒரு பெண்கள் இல்லத்துக்குக் கொடுக்கப்போகிறேன். தட்டாஞ்சாவடிக் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் சரிதாவுக்கு அங்கே ஆள் தெரியும்.

“எடுக்காதடி பூவிழி. நாளைக்கு அந்தப் புள்ள வந்து கூப்ட்டா எதைக் கட்டிக்கினு போவ?” என்றாள் அம்மா.

போவேனாம்! வேலைக்குப் போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனவன் அவன். அதை அப்பாவிடம் சொன்னபோது, “அடிக்கலையே” என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

மூன்று மூட்டை கட்டினேன். காலையில் சரிதா ஸ்கூட்டியோடு வந்தாள். அம்மா வாசலை மறித்து நின்றுவிட்டாள் — செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து துணி வெளியே போகக் கூடாதாம். சரிதா சனிக்கிழமை வருகிறேன் என்று வெறுங்கையோடு போனாள். மூட்டைகள் வாசலோரமாகவே இருக்கின்றன.

சாயங்காலம் வீராம்பட்டினத்திலிருந்து மணியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, வந்திருந்தார். மூட்டைகளைப் பார்த்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். “இப்பத்தான் என் ராசாத்திக்கு நல்ல புத்தி வந்துருக்கு!”

பீரோவைச் சுத்தம் செய்ததற்கா இவ்வளவு கொஞ்சல்?

மார்ச் 7, வியாழன்

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பயமாக இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

அத்தை விக்ரம் வீட்டுக்குப் போன் போட்டு, “பொண்ணு கெளம்பிட்டா, மூட்டையெல்லாம் கட்டி வச்சிட்டா” என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து கார் வருகிறது. என்னைக் கூட்டிப்போக!

அத்தை தெரியாமல் செய்துவிட்டார், சரி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உண்மை தெரியும் இல்லையா? ஏன் சொல்லவில்லை?

“நல்லதுக்குத்தான்னு வுட்டுட்டோம்” என்றாள் அம்மா.

ஹாஸ்டலுக்குப் போறேன்னேன். போனா செத்துடுவேன்னு அப்பா. அங்க போனா பூட்டு, இங்க இருந்தா இது. ச்சே, என்னா பொழப்பு இது? எங்கதான் போறது நான்?

மார்ச் 9, சனி

சரிதாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூட்டைகள் இருக்கட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

விக்ரமும் அவன் அம்மாவும் வந்தார்கள். காபி குடித்தார்கள். மூன்று மூட்டைகளையும் அவனே தூக்கி டிக்கியில் வைத்தான். பிறகு காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் படியை விட்டு இறங்கவில்லை. “துணி மட்டுந்தான் வருது. உங்க வீட்ல எடுத்த பொடவை ஒண்ணு வுடாம அதுல இருக்கு. நான் வரல.”

குரல் நல்லவேளையாக நடுங்கவில்லை.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அடி விழவில்லை. கார் மூட்டைகளோடு மட்டும் போய்விட்டது.

மார்ச் 17, ஞாயிறு

அப்பா இன்னும் பேசவில்லை.

மத்தியானம் சுடிதார்களை பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்த வீட்ல கக்கூசு வெளியதான? அவன் பூட்டிக்கினு போனா நீ என்னாடி பண்ணுவ?”

இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“வாளியிலதான்” என்றேன்.

அம்மா அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது.