சுவரில் நீ எழுதிய நம்பர்

வெள்ளையடிக்க வந்தவர், "மொதலாளி, இந்தக் கிறுக்கலையும் சேத்து அடிச்சிரவா?" என்று கேட்டார். என் அச்சகத்தில் ரசீதுக்கு எண் அடிக்கும் நம்பர் மெஷினுக்கு மேலே, அதை ஓட்டிய என் சிநேகிதன் நீ பென்சிலால் எழுதிய எண்கள் அவை. யாருக்கு ரசீது புக் அடித்தாலும் கடைசி நம்பரைச் சுவரில் குறித்துவைப்பாய். அடுத்த ஆர்டரை அதிலிருந்து தொடர்வாய். "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

அந்த மார்ச் மாதம்தான் நினைவுக்கு வந்தது. உன் மகள் இலவசமாகப் படித்த பள்ளிக்கூடத்தின் டிரஸ்ட் மேனேஜர் வந்தார். சுவரில் அவர்களுடைய நம்பர் ஆயிரத்தில் நின்றது. அவரோ ஐந்நூற்றொன்றிலிருந்தே மறுபடி அடிக்கச் சொன்னார், இரண்டு மடங்கு கூலிக்கு. சீசன் இல்லாமல் அச்சகத்தில் வேலை குறைந்திருந்த நேரம். சரி என்றுவிட்டேன்.

அவர் போனதும் மெஷினை நிறுத்தினாய்.

"ஏலே, ஒரே நம்பர்ல ரெண்டு ரசீது எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த டிரஸ்டுக்கு எண்பது-ஜி என்ற வருமான வரிச் சலுகை அங்கீகாரம் இருந்தது. ஒருவர் லட்ச ரூபாய் நன்கொடை கொடுத்தால், அதில் பாதியைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும். அதற்கு ரசீதுதான் அத்தாட்சி. இரண்டாவது புக், கொடுக்காமலே கொடுத்ததாகக் காட்டுகிறவர்களுக்கு.

"மாட்டுனா அங்கீகாரம் போயிரும். அப்புறம் எவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காசு குடுப்பான்? எம் புள்ள தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குத்தாம்லே போகணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஈரத்துணியோடு சுவரருகே போனேன். "இத அழிச்சிட்டா முடிஞ்சுது. நீ ஓட்டு."

"அழிச்சிட்டு நீயே ஓட்டிக்கோ." சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாய்.

வீம்புக்கு நானே மெஷினில் உட்கார்ந்தேன். நம்பரைப் பின்னால் திருப்பத் தெரியவில்லை. தாள் கிழிந்தது, விரல் நசுங்கியது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் மேனேஜருக்குப் போன் போட்டு முடியாது என்றேன்.

விஷயம் எப்படியோ கசிந்ததும் டிரஸ்டில் அவரை மாற்றினார்கள். பள்ளிக்கூடம் தப்பியது. உன் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். உன் துக்கத்துக்கு வந்த பள்ளிக்கூடத்தார், பெரிய ஆர்டரை உதறிய நேர்மையான மனிதர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நாலடி தள்ளி நின்று அந்தப் பெயரை நான் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் ஓட்டியிருப்பேன்.

உன் இடத்தில் இப்போது புது ஆள். "வாங்க மொதலாளி, சொல்லித் தாரேன்" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் போகவில்லை. எனக்கு என்னைத் தெரியும். அதனால் இன்றுவரை அந்த மெஷினைக் கற்றுக்கொள்ளாமலே இருக்கிறேன்.