நீ பார்த்த விசிறித்தொண்டை ஓணான்

இன்று மதியம் கேன்டீன் ஜன்னல் வழியாகச் சித்திரை மாதத்துக் காய்ந்த புல் எரியும் வாசனை வந்தது. கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே லைனில், உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தோம். நீ கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவாய். ஐந்தே நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, கம்பெனிக்குப் பின்னாலிருந்த பாறைக்காட்டுக்கு என்னை இழுத்துப் போவாய். எனக்கு அங்கே வெயிலும் முள்ளும்தான் தெரிந்தன. உனக்கு அரணை, உடும்பு, பாம்புச் சட்டை எல்லாம் கண்ணில் பட்டன.

ஒரு சித்திரையில் நீ மட்டும் போய்விட்டு ஓடி வந்தாய். "கழுத்துக்குக் கீழ விசிறியாட்டம் விரிக்குதுடி. நீலம், கறுப்பு, செவப்பு."

அந்த வாரம் ஊர்வனவற்றைத் தேடி ஒரு கல்லூரி மாணவர் அந்தப் பாறைக்காட்டுக்கு வந்திருந்தார். விசிறித்தொண்டை ஓணான் கீழே வறண்ட சமவெளியில் உண்டு, இந்த மேட்டில் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை என்றார். "வேற யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். உன் முகம் வாடியது. "நானும் பாத்தேன்" என்றேன். எழுதிக்கொண்டார்.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். "அவ பாக்கலைங்க. நாங்க ரெண்டு பேரும் சொன்னத அடிச்சிடுங்க" என்றாய் அவரிடம். திரும்பும் வழியில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய். கேட் அருகே நின்று, "நீ பொய் சொன்னா நான் பாத்ததும் பொய்யாயிடும்டி" என்றாய்.

அதன் பிறகு தினமும் மதியம் பாறையில் காத்திருந்தோம். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுவாய். பன்னிரண்டாம் நாள், விரல் நீளத்துக்கு ஒன்று கல்மேல் ஏறி நின்று கழுத்தை விரித்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நெசமா?"

"நெசமாத்தான்டி."

"அப்ப அவருக்குப் போனப் போடு" என்று சிரித்தாய். அன்றுதான் அது பதிவானது.

நோயில் நீ எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது பார்க்க வந்தேன். "இந்த வருசம் வந்துச்சாடி?" என்று கேட்டாய். வந்தது என்று சொல்ல வாய் துடித்தது. "நான் போகலடி. நாளைக்குப் போறேன்" என்றேன். மறுநாள் போனேன், காணவில்லை. அதையே வந்து சொன்னேன். "இன்னும் வெயில் ஏறல" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போதும் சித்திரையில் போகிறேன். பார்த்தால் பார்த்தேன் என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் அந்த மாணவருக்கு எழுதி அனுப்புகிறேன். இன்றும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்கவில்லை என்றே எழுதினேன்.