அவள் திரும்பவில்லை

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் பனி, மாலையில் சேறு. அப்படியும் நாடக வகுப்புக்கு எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். தேனெஷ் என் உப்பு ரொட்டியில் இரண்டைத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான். பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்து சொல்லித்தருகிறோம், ஒருநாளும் உப்பு சரியாக இருந்ததில்லை.

எடெல்கா இன்றுதான் முதல்முறையாகக் கதை சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிராம் ஓட்டுகிறவள். நாலு மாதமாக மற்றவர்கள் அதில் உட்கார்ந்து சொன்ன சொந்தக் கதைகளை உடனுக்குடன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாளே தவிர, தன் கதையை எடுக்கவே இல்லை. அக்காவோடு பதினொரு வருஷம் பேச்சு இல்லையாம். சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கண்ணாடிக் கதவு வழியாக அக்கா இவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவள் உள்ளே போகாமலே வந்துவிட்டாள். நாலே நாளில் எல்லாம் முடிந்தது.

அக்காவாக நடிக்க என்னைக் கை காட்டினாள்.

சுவர்ப்பக்கம் திரும்பினேன். அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, எடெல்காவாக நடித்த பெண்ணை நோக்கிக் கையை நீட்டினேன். அறையே அழுதது.

நடித்து முடிந்ததும் கதை சொன்னவரிடம் எப்போதும் கேட்பதை தேனெஷ் எடெல்காவிடம் கேட்டான்: "அப்படித்தானா?"

"அவ திரும்பல" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 7

தேனெஷ் போனில் பிடித்துக்கொண்டான். "அம்மா தாயே, முதல் நாள் பாடம் என்ன? சொன்னத நடி. கிழிஞ்சிருந்தா கிழிஞ்ச மாதிரியே காட்டு, தைக்காத. யாரு சொல்லித்தர்ற பாடம் இது?"

"அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னுதான்..."

"யாருக்கு ஆறுதல்?"

போனை வைத்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

யாருக்கு ஆறுதல். சரி, எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

ஆறு வருஷத்துக்கு முன் ஓஸ்த் நூலகத்தில் நிகழ்ச்சி. சொந்த ஊர். நாற்காலியில் வந்து உட்கார ஒருவருக்கும் துணிவில்லை. கூட்டத்துக்குச் சூடேற்றலாம் என்று நானே உட்கார்ந்தேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், மூன்று மாதம் தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி ரயில் நிலையத்தில் பொழுதைக் கழித்த ஒருவனின் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஓஸ்த் மாதிரிச் சின்ன ஊரில் பெயர் எதற்கு? அவன் என் தம்பி லோராண்ட். என்னிடம் மட்டும் சொன்னது. அவன் மனைவி மாக்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே அங்கேதான் தெரிந்தது.

எங்கள் குழு அதை நடித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது — ஐயோ, இருந்ததே!

இரண்டு வாரத்தில் மாக்தி அவனை விட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. எடெல்காவின் அக்காவை இந்தப் பக்கம் திரும்ப வைத்தேனே, அது லோராண்ட் என் பக்கம் திரும்புவதைப் பார்க்கத்தான். அந்தப் பெண்ணின் துக்கத்தில் போய் என் ஆசையைச் செருகியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

எடெல்கா வரவில்லை.

பிப்ரவரி 15, சனி

அவள் ஓட்டும் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனேன். அங்கே அவளுக்கு எட்டு நிமிஷம் ஓய்வு. பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டு, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள்.

"எடுத்தேன். எடெல்கா, நான் பண்ணது தப்பு."

"தப்புதான்." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள். "அவ கடைசியா எனக்குக் குடுத்தது அந்த முதுகு ஒண்ணுதான் வில்மா. அதையும் நீங்க பிடுங்கிட்டீங்க."

எட்டு நிமிஷம் முடிந்தது. மணியடித்தாள், வண்டி கிளம்பியது. இறங்கத் தோன்றாமல் அதே வண்டியில் திரும்பினேன்.

பிப்ரவரி 20

வந்தாள்! கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக நாற்காலிக்குப் போனாள். "அதே கதைதான். மறுபடியும் நடிங்க" என்றாள். அக்காவாக யார் என்று தேனெஷ் கேட்டான். "அவங்களே" என்று என்னைக் காட்டினாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பின்னால் காலடி வந்தது, நின்றது. யாரோ அழும் சத்தம் கேட்டது. திரும்பிவிடு, திரும்பிவிடு என்று உடம்பு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தேன். காலடி தூரப் போயிற்று.

"அப்படித்தானா?"

"அப்படித்தான்" என்றாள் எடெல்கா. பிறகு வெகுநேரம் அழுதாள். யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.

மார்ச் 6

வகுப்புக்கு முன்னால் தேனெஷிடம், இன்று நான் நாற்காலியில் உட்காருகிறேன், லோராண்ட் விஷயத்தைச் சொல்லப்போகிறேன் என்றேன். பாராட்டுவான் என்று நினைத்தேன்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"இது நான் பண்ண தப்போட கதை தேனெஷ்."

"தப்பு உன்னோடது. அந்தச் சாப்பாட்டுப் பை யாரோடது?"

கோபம் வந்தது. அவன் சொல்வது சரி என்பதால் இன்னும் வந்தது. உட்காரவில்லை. உப்பு ரொட்டியைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் போன் செய்தேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க" என்றான். 'அக்கா' என்றும் இல்லை, 'நீ' என்றும் இல்லை. ஏதோ ஆபீசுக்குப் பேசுகிற குரல்.

"உன்கிட்ட கேக்காம உன் கதைய ஊர் முன்னாடி சொன்னேன்டா. மாக்திக்கு அங்க வச்சுத் தெரிஞ்சது என்னாலதான். இனிமே அத எங்கயும் சொல்லமாட்டேன்."

அவன் பக்கம் டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா நடிச்சாங்களாமே" என்றான். "மாக்தி போறப்ப சொன்னா."

"ஆமாடா."

"சூப் கொதிக்குது" என்றான். வைத்துவிட்டான்.

இனிமேல் கூப்பிடாதே என்று அவன் சொல்லவில்லை — இல்லை, இது நானாகச் சேர்ப்பது. சூப் கொதிக்கிறது என்றான், வைத்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.