அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை

நவம்பர் 14, பதுளை

பள்ளிக்கூடம் விட்டபின், என்னோடு படிப்பிக்கும் ரிசானாவும் நானும் வியட்நாம் பயணத்துக்கு வீடு தேடினோம். வடக்கே ஒரு மலைக்கிராமத்தில், வீட்டுக்காரியோடு சேர்ந்து சமைத்து, அங்கேயே இரண்டு இரவு தங்கலாமாம். வீடியோவில் அந்தப் பெண் வாழைப்பூவை மெல்லியதாக நறுக்கி, மீன் சாறு ஊற்றிப் பிசைந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்த சரிவையே பார்த்தேன். மரங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"என்னடி, சமையலப் பாக்கச் சொன்னா மலையப் பாக்குற?" என்றாள் ரிசானா. மண் சரியலாம், வேறு வீடு பார்ப்போம் என்றேன்.

மாலையில் ஹல்துமுல்லையிலிருந்து தம்பி பேசினான். இதை வேடிக்கையாகச் சொன்னேன்.

"ரெண்டு ராத்திரி படுக்கிற எடத்துக்கே இவ்வளவு பாக்குறியாக்கா?" என்று சிரித்தான். "இங்க மழ புடிச்சிருச்சு."

தேயிலைத் தோட்டத்தில் அவன் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், போன மழையிலேயே நிலம் வெடித்துவிட்டது. வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது; எங்கே போவது என்று அதில் இல்லை. என் வீட்டில் இரண்டு அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கவனமாக இரு என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன். வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிள்ளைகளோடு வந்தால் எத்தனை மாதம் இருப்பார்கள் என்றுதான் மனம் முதலில் கேட்கிறது.

இப்போது இங்கேயும் மழை. போன் பண்ணினால் அவன் தூக்கம் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.