பழைய வண்டிக்குப் பந்தய இன்ஜின்

என் வீட்டுக்காரிக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை, எரிச்சலைத் தவிர.

பட்டறைக்கு வந்த பழைய பிக்கப் வண்டி ஒன்றுக்குப் பொருத்தமான இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாகவே எடுத்து வைத்தேன். வண்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “சத்தமே பத்தலையே.” பந்தயக் கார் இன்ஜின்தான் வேண்டுமாம், கியர்பாக்ஸ் பழையதே போதுமாம்.

“தாங்காதுங்க,” என்றேன்.

“கேட்டதை மாட்டுய்யா,” என்றார் முதலாளி.

மாட்டினேன். வாசலைத் தாண்டுவதற்குள் கியர்பாக்ஸ் பல் உடைந்து எண்ணெயைக் கக்கியது. இப்போது என் வேலைதான் சரியில்லையாம். சீ, என்ன பிறவிகளோ. துடைத்ததும் நான்தான்.

இங்கே தரும் துணி எண்ணெயை உறிஞ்சாது. உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். கை துடைக்க என்றே அம்மாவிடம் சொல். ஆனால் துவைக்காமல் அனுப்பு.

உன் வீட்டுக்காரன்